என் கணவர் பெயரில் வந்த தூக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிரிட்ஜைத் திறந்தேன். பெரிய பாத்திரம் நிறைய இட்லி மாவு இருந்தது. "இது யாருங்க அரைச்சது?" என்று என் கணவரைக் கேட்டேன்.

அவர் செய்தித்தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீதான். நேத்து ஒன்பதரைக்கு கிரைண்டர் ஓடுச்சே. நியூஸே கேக்கலைன்னு நான்கூட டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சேன்."

எனக்கு அரைத்த நினைவே இல்லை. விரலால் தொட்டு ருசி பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. ஆனால் அரைத்த கையோடு ஃபிரிட்ஜுக்குள் தள்ளியிருந்தேன்; மாவு பொங்கவே இல்லை. முப்பது வருஷமாக மாவு அரைக்கிறவள் செய்கிற காரியமா அது?

அன்று தோசை வார்த்துச் சிரித்துச் சமாளித்துவிட்டோம். ஆனால் எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் (மூளைச் செல்கள் மெல்ல அழிந்து நினைவு தேய்ந்துகொண்டே போவது) வந்திருந்தது. தலைநகரில், கரோல் பாக்கில் நாற்பது வருஷம் குடியிருந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். பெற்ற மகளான என்னை யாரோ அயல் பெண்ணைப் போல "பெஹன்ஜி" (சகோதரி) என்று கூப்பிட்டார். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. நமக்கும் ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அமைச்சகம் ஒன்றில் நான் பிரிவு அலுவலர். எந்தக் கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறது என்று கேட்டால் நாற்காலியைவிட்டு எழாமலேயே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் கொஞ்ச நாளாக ஆட்டம் கண்டிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நித்யா தினமும் இரவு ஒன்பதரை பத்துக்குப் போன் செய்வாள். மறுநாள் நான் ஏதாவது கேட்டால், "அம்மா, இதை நேத்தே சொன்னேன்ல" என்பாள். பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டாள். நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாக மறுபடி பதில் சொன்னாள். அந்தப் பொறுமைதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. அப்பாவிடம் நானும் அப்படித்தான் பேசினேன்.

யாரிடமும் சொல்லாமல் எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். மெட்ரோவில் நின்றபடி பெரியப்பா பிள்ளைகளின் பெயர்களை வயதுவாரியாகச் சொல்லிப் பார்ப்பேன். அதெல்லாம் வரும். முந்தைய நாள் இரவு என்ன சாப்பிட்டேன் என்பது வராது.

கடைசியில் ஒருநாள், கேட்டே விடுவது என்று அரசு ஊழியர்களுக்கான எங்கள் டிஸ்பென்சரிக்குப் போனேன். வழக்கமாக அங்கே போவது என் கணவர்தான். காலை நடை முடிந்து திரும்பும்போது, எங்கள் இரண்டு பேருடைய அட்டைகளையும் கொண்டுபோய் வரிசையில் நின்று, மாத மருந்தை வாங்கி வந்துவிடுவார். எங்கள் குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். போன மாதம் எழுதியதையே இந்த மாதமும் எழுதித் தருவார்கள். கோப்பில் 'மேற்படி போலவே' என்று நாங்கள் எழுதுகிற மாதிரிதான்.

டாக்டர் அறைக்கு வெளியே புதிதாக ஒரு மேஜை போட்டிருந்தார்கள். ஷீபா சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். கேரளத்துக்காரர், கோயம்புத்தூரில் படித்தவர் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். கையில் ஒரு தாள். வருகிற எல்லாரிடமும் அதிலுள்ள கேள்விகளைக் கேட்கிறார்களாம். ஸ்கிரீனிங் (பாதிப்பு முற்றுவதற்கு முன்பே எல்லாரையும் விசாரித்துக் கண்டுபிடிப்பது) என்று பெயர்.

"சிகரெட், பீடி?"

"இல்லை."

"கைனி, குட்கா, பான் மசாலா?"

"இல்லவே இல்லை."

"மது? கஞ்சா? பாங்கு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வரிசையில் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற இணைச் செயலாளர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஹோலிக்கு ஆபீஸில் பாங்கு கலந்தது என்று தெரியாமல் ஒரு டம்ளர் தண்டாய்ப் பால் குடித்துவிட்டு மதியம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்ததைச் சொல்லலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

"சிஸ்டர், என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"எல்லார்கிட்டயும் கேக்கணும் சேச்சி. முகத்தைப் பாத்துக் கேட்டா பாதிப் பேர் விட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். "தூக்க மாத்திரை?"

"அது மருந்து சிஸ்டர். இங்கதானே குடுக்கறாங்க."

"அதும் இந்த லிஸ்ட்ல உண்டு. எத்ர நாளா?"

மூன்று வருஷம். அப்பா போன பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்போதிருந்த டாக்டர் அல்பிரசோலம் (பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் மாத்திரை) இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவர் மாற்றலாகிப் போனார். மாத்திரை என் அட்டையிலேயே தங்கிவிட்டது.

அடுத்தடுத்த கேள்விகள் சின்னச் சின்னவை. மாத்திரை இல்லையென்றால் மனசு தேடுகிறதா? விட வேண்டும் என்று முயன்று முடியாமல் போனதுண்டா? வீட்டில் யாராவது கவலைப்பட்டார்களா? திருச்சிக்குப் போகிற வழியில், ரயில் குவாலியர் தாண்டிய பிறகு, மாத்திரைப் பட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்று தெரிந்து நான் செய்த ரகளை ஞாபகத்துக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். குரல் இறங்கிக்கொண்டே போனது. இணைச் செயலாளரும் நாகரிகமாகச் சுவரொட்டி படிக்கப் போய்விட்டார்.

"மறதி உண்டோ?" என்று சிஸ்டர் கேட்டார்.

"நான் அதுக்குத்தானே வந்தேன்!" என்றேன். என் குரல் எனக்கே அழுகை மாதிரி கேட்டது.

சிஸ்டர் பேனாவை நிறுத்தினார். "டாக்டர் உங்களுக்கு எத்ர எழுதியிருக்கு?"

"ஒண்ணு. அரை மில்லிகிராம், ராத்திரி."

இந்தப் பதிலைப் பற்றி நான் உங்களிடம் ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும். அது பொய் இல்லை. என் அட்டையில் ஒன்றுதான் எழுதியிருந்தது. ஆனால் என் கணவருக்கு ஒருமுறை முதுகுப் பிடிப்பு வந்து தூக்கம் இல்லாமல் தவித்தபோது, அவர் அட்டையிலும் பத்து நாளுக்கு இதே மாத்திரையை எழுதியிருந்தார்கள். அவர் இரண்டு நாள் போட்டுவிட்டு விட்டுவிட்டார். 'மேற்படி போலவே' என்று அது மற்ற மருந்துகளோடு மாதத்துக்கு முப்பதாக வந்துகொண்டிருந்தது. வீணாகிறதே என்று முதலில் எடுத்து வைத்தேன். ஒன்று போட்டும் தூக்கம் வராத நாட்களில் அதிலிருந்து இன்னொன்று எடுத்தேன். ஒரு வருஷமாகத் தினமும் இரண்டு.

நாடாளுமன்றக் கேள்விகளுக்குப் பதில் தயாரித்துத் தயாரித்துத் தேறிய கை என்னுடையது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைத் தொடாதே. அந்த வித்தையை என் உடம்பு விஷயத்திலேயே காட்டினேன்.

டாக்டர் ஹரியானாக்காரப் பெண். நித்யாவைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். ஐந்து சொற்களைச் சொல்லி, வேறு ஏதேதோ பேசிவிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றுதான் வந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார்.

"ஆன்ட்டி ஜி, இந்த மாத்திரையை ரொம்ப நாள் போட்டா மறதி வரும்" என்று ஹிந்தியில் சொன்னார். "போட்ட பிறகு நடக்கிறது மூளையில் பதியவே பதியாது. உங்களுக்கு இருப்பது அப்பாவுக்கு வந்த நோயா, இந்த மாத்திரையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மாத்திரையைக் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும்."

அந்தக் கணத்தில் எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. மாத்திரையா! வெறும் மாத்திரையா! தூக்குத் தண்டனையை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. டாக்டர் பத்து நிமிஷம் பேசியிருப்பார். அதட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. விட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை, முடியும் என்று எவ்வளவு நம்பிக்கை என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். இரண்டுக்கும் பத்து போட்டேன். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, என் அட்டையைப் பார்த்து, கால் மாத்திரை வீதம் குறைக்க ஓர் அட்டவணை எழுதினார். "ஜல்தி வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. வலிப்புகூட வரலாம்" என்று இரண்டு முறை சொன்னார்.

இரண்டு முறை சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் அது என் அட்டையிலுள்ள மாத்திரைக்கு என்று எடுத்துக்கொண்டேன். அட்டவணையில் இல்லாத இன்னொன்றை எப்படிச் சொல்வது? சொன்னால், கணவர் பெயரில் மருந்து வாங்கித் தின்றவள் ஆகிவிடுவேன். அதை நானே சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால் ஆயிற்று, கணக்கும் நேராகிவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி முருங்கைக்காயும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு, யாரோ புதிய மனுஷி மாதிரிப் படியேறினேன். முதல் வேலையாக அவர் பெயரில் வந்த பட்டைகளைக் குப்பையில் போட்டேன்.

மூன்றாம் நாள் ஆபீஸில் கையெழுத்துப் போடக் கை நிற்கவில்லை. ஏப்ரல் வெயிலில் எனக்குக் குளிர்ந்து வியர்த்தது. பக்கத்து அறையில் ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் மண்டைக்குள் இறங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோனது. சரி, மாத்திரை இல்லை, அப்பாவின் நோய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கழிவறைக்குப் போய் அழுதேன். பிறகு கணவருக்குப் போன் செய்தேன்.

அவர் வந்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். ஷீபா சிஸ்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். நாடியைவிட விரல் நடுக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"கால் மாத்திரை குறைச்சதுக்கு இத்ர வராது" என்றார். "சேச்சி, அன்னிக்கு நான் டாக்டர் எத்ர எழுதினாருன்னு கேட்டு. அது என் தப்பு. நீங்க ராத்திரி எத்ர விழுங்கினீங்க?"

தப்பு அவருடையது இல்லை. அவருக்கும் அது தெரியும். நான் சொல்ல ஒரு கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

"ரெண்டு" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் கணவர், "ரெண்டாவது ஏது?" என்றார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த இரண்டு அட்டைகளையும் பார்த்தார். "என்னோடதா? அச்சா... அப்ப நான்தானே மாசாமாசம் க்யூல நின்னு வாங்கியாந்து குடுத்திருக்கேன்."

எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே, ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்த மூட்டையைக் கீழே வைத்த நிம்மதி வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை; பயந்துதான் போனார். விலகல் அறிகுறிகள் (பழகிய மருந்து சட்டென்று குறையும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு) என்றார். பாதிக்கு மேல் ஒரே இரவில் நிறுத்தியிருந்தேன். வலிப்பு வராதது என் அதிர்ஷ்டம். பெரிய ஆஸ்பத்திரியின் மனநல மருத்துவர் ஒருவரிடம் போனில் கலந்து பேசினார். மறுபடி பழைய இரண்டு மாத்திரைக்கே போகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. "இது தோல்வி இல்லை ஆன்ட்டி ஜி. தப்பான எண்ணிலிருந்து தொடங்கிவிட்டோம். இப்போது சரியான எண் கிடைத்திருக்கிறது" என்றார். என் கணவர் அட்டையிலிருந்த வரியை அவர் குறுக்கே அடித்ததை நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்தோம்.

ஷீபா சிஸ்டர் தன் கேள்வித்தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி சேர்த்தார். வீட்டில் வேறு யார் பெயரிலாவது இந்த மாத்திரை வருகிறதா? பிறகு எங்கள் குவார்ட்டர்ஸில் இன்னும் சிலர் அந்த மேஜையில் அந்தக் கேள்விக்கு முழித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கேள்விக்கு நான் காரணம் என்பதில், வெட்கத்தை மீறி, எனக்கு ஏகப்பட்ட பெருமை.

இதே மாத்திரையோடு நீங்கள் இருந்தால், என் அட்டவணையை நகல் எடுக்காதீர்கள். அது என் உடம்புக்கு எழுதியது. உங்களுக்கு உங்கள் டாக்டர் எழுதட்டும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் உண்மையான எண்ணைச் சொல்லிவிடுங்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முழுசாக நிறுத்த ஏழு மாதம் ஆயிற்று. மாத்திரைப் பட்டையைக் கணவர் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். மாத்திரையைப் பிளக்கிற சின்ன கத்தியை வாங்கி வந்ததும் அவர்தான். தினம் இரவு ஏதோ நகை ஆசாரி மாதிரி கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவார். "பொடி உதுந்துடுச்சு, அதையும் நக்கிக்கோ" என்பார். ஒவ்வொரு குறைப்புக்கும் நாலைந்து இரவு மோசமாகப் போகும். விழித்துக் கிடப்பேன். பதற்றம் வரும், ஏறும், பிறகு இறங்கும். இறங்கும் என்று தெரிந்துகொண்டதே பாதி வைத்தியம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மேஜைக்குப் போய் சிஸ்டரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். ஜூலையில் ஒருமுறை கட்டம் தாண்ட முடியாமல் ஒரு மாதம் அப்படியே நின்றோம். நின்றதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை.

ஆனால் திரும்பி வந்தவை! அதை எப்படிச் சொல்வேன்! ஆகஸ்டில் ஒரு கனவு வந்தது. மூன்று வருஷமாகக் கனவே கண்டதில்லை என்பது அது வந்த பிறகுதான் தெரிந்தது. அபத்தமான கனவு; எங்கள் துணைச் செயலாளர் கூட்டத்துக்கு ஒரு ஆட்டுக்குட்டியோடு வந்தார். எழுந்து உட்கார்ந்து கணவரை உலுக்கி முழுசாகச் சொன்னேன். இரவு ஒன்பது மணிக்கு மேலும் ஒரு நாளில் இத்தனை நேரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். பத்தரைக்குப் பால்கனியில் நின்று, கீழே நாய்களை நடத்திப் போகிறவர்களைப் பார்ப்பேன். மறுநாள் காலையில் எந்த நாய், என்ன நிறம் என்று கணவரிடம் ஒப்பிப்பேன். அவருக்கு அலுத்துப்போகும்வரை ஒப்பித்தேன்.

நவம்பரில், ஊரே புகைமூட்டத்தில் இருமிக்கொண்டிருந்தபோது, மாத்திரை முழுசாக நின்றது. ஒரு மாதம் கழித்து டாக்டர் வேறு ஐந்து சொற்கள் சொன்னார். ஐந்தும் வந்தது. "நாளைக்கும் கேளுங்கள், சொல்கிறேன்" என்றேன். டாக்டர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அப்பாவின் நோய் எனக்கு ஒருநாளும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது இல்லை என்றார்கள். எனக்கு அது போதும்.

அன்று இரவு நித்யா கூப்பிட்டதும் கத்திச் சொன்னேன். அவளும் கத்தினாள். அடங்கிய பிறகு நான் கேட்டேன். "ஏய் நித்து, இந்த மூணு வருஷத்துல நீ ராத்திரி சொன்னது எதுவும் என்கிட்ட இல்லடி. டாக்டர் சொல்லிட்டாங்க, அது திரும்பி வராதாம். முக்கியமா ஏதாவது சொன்னியா?"

"ஒண்ணு சொன்னேம்மா" என்றாள். "போன வருஷம். எனக்கு வேலை போச்சுன்னு. அழுதுட்டே சொன்னேன். நீ 'சரிடா, தூங்கு'ன்ன."

"அப்புறம்?"

"மறுநாள் 'ஆபீஸ் எப்படி இருந்துச்சு'ன்னு கேட்ட. உனக்கு அதைப் பேசப் பிடிக்கலை போலன்னு நெனச்சுட்டேன். அதனால 'நல்லா இருந்துச்சு'ன்னேன். வேற வேலை கிடைக்கற வரைக்கும் மூணு மாசம் நீ தெனம் கேட்ட, நான் தெனம் நல்லா இருந்துச்சுன்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் "விடும்மா" என்றாள். விடவில்லை. அந்த மூன்று மாதத்தையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். எந்தக் கிழமை விஷயம் தெரிந்தது, யாரிடம் அழுதாள், ஹாஸ்டலில் பகல் முழுவதும் என்ன செய்தாள், மத்தியானம் சாப்பிட்டாளா. அவள் சொல்லச் சொல்ல நானும் அழுதேன். போனை வைக்கும்போது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. எதுவும் போடாமல் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

காலையில் கண் விழித்ததும் முதலில் நெஞ்சில்தான் தெரிந்தது, நல்ல கனமாக. அது என்ன என்று யோசிக்கவே தேவையில்லை. வேலை போனது செவ்வாய்க்கிழமை தெரிந்தது, மொட்டை மாடியில் போய் அழுதாள், மத்தியானம் பெரும்பாலும் பிஸ்கட். ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் இருந்தது. எழுந்து உட்கார்ந்து, வலிக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.